போரைப் பார்க்காத தளபதி: கதை எழுதுகிறவர்களும் வேஷம் கட்டுகிறவர்களும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நகரி, புத்தூர், சித்தூர் பக்கம் பிறந்த எங்களுக்குப் பள்ளிக்கூடத்தில் தெலுங்கு, வீட்டில் தமிழ், திரௌபதி அம்மன் கோயிலில் பாரதம். அந்தப் பாரதக் கூத்தைப் பார்த்து வளர்ந்ததாலோ என்னவோ, இங்கே கதை எழுத ஆரம்பிக்கிற பிள்ளைகள் முக்கால்வாசிப் பேர் போர்க்கதைதான் எழுதுகிறார்கள். எழுதிக்கொண்டு வந்து என்னிடம் காட்டும்போது திரும்பத் திரும்ப ஒரே ஆள் எதிரே வந்து நிற்பான்: பதவி இருக்கிறது, கவசம் இருக்கிறது, வாய் நிறையப் போர்ப் பேச்சு இருக்கிறது, ஆனால் ஒரு நாள்கூடச் சண்டையைக் கண்ணால் பார்த்ததில்லை. அவனை எப்படி எழுதுவது என்று கேட்டவர்களுக்கு நான் சொன்னதைத்தான் இங்கே சேர்த்து வைக்கிறேன்.

போர் பார்க்காத தளபதி என்றால் கோழை என்றுதானே அர்த்தம்?

இல்லை. ஒருவன் கோழையா என்பது சண்டை வந்த பிறகுதான் தெரியும், இவனுக்கு அந்த நாளே இன்னும் வரவில்லை. அந்த நாள் வருவதற்கு முன்பே அவனைக் கோழை என்று முடிவு கட்டிவிட்டு எழுதினால், படிக்கிறவருக்குத் தெரிந்துகொள்ள ஒன்றும் மிச்சமிருக்காது.

இப்படிப்பட்ட பாத்திரங்களில் முதலில் யாரைப் படிக்க வேண்டும்?

உத்தரனை. விராட ராஜாவின் பிள்ளை. எங்கள் பக்கம் யாராவது முடியாததை முடிப்பேன் என்று அளந்தால் 'உத்தரகுமார ப்ரகல்பாலு' என்று தெலுங்கில் ஒரு வார்த்தை சொல்வார்கள், உத்தரகுமாரனின் வீம்புப் பேச்சு என்று பொருள், தமிழ் வீடுகளிலும் அதைத் தெலுங்கிலேயேதான் சொல்வோம். என் வருத்தமெல்லாம் அந்தச் சொலவடை கதையின் முதல் கால் பங்கோடு நின்றுவிடுகிறதே என்பதுதான். அதனால் மீதியையும் சேர்த்துச் சொல்கிறேன்.

பாண்டவர்கள் ஆள் தெரியாமல் மறைந்திருக்கும் 13ஆம் வருஷம். கௌரவர்களின் கூட்டாளி சுசர்மன் தெற்குப் பக்கம் வந்து மாடுகளை மடக்குகிறான், விராடன் இருக்கிற படையை எல்லாம் கூட்டிக்கொண்டு அங்கே போய்விடுகிறான். அடுத்த நாள் வடக்கே பீஷ்மர், துரோணர், கர்ணன் என்று கௌரவர் படையே வந்து 60,000 மாடுகளை ஓட்டிக்கொண்டு போகிறது. மாட்டுக்காரர்களின் தலைவன் ஓடி வந்து சொல்லும்போது அரண்மனையில் பொறுப்பில் இருக்கிற ஒரே ஆண்பிள்ளை உத்தரன். சுற்றிலும் பெண்கள். எனக்கு நல்ல தேரோட்டி மட்டும் கிடைக்கட்டும், இன்றைக்கே மாட்டை மீட்டுக்காட்டுகிறேன் என்கிறான். முன்னாலே இருந்த தேரோட்டி ஒரு மாதம் நடந்த பெரிய போரில் செத்துப்போனான் என்று வேறு சொல்கிறான், அது நடந்த கதையா அந்த நேரத்து வீம்பா என்பதைக் கேட்கிறவரே முடிவு பண்ணிக்கொள்ள வேண்டியதுதான். நாட்டியம் சொல்லிக்கொடுக்கும் பிருகன்னளை தேர் ஓட்டுவாள் என்று திரௌபதி வழி காட்டுகிறாள். தங்கை உத்தரை, பொம்மைக்குச் சுற்ற அந்த வீரர்களின் பட்டுத் துணிகளைக் கொண்டு வா என்று கேட்டு அனுப்புகிறாள்.

படையைப் பார்த்ததும் அவனுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துப்போகிறது. அப்பா படையை எல்லாம் கொண்டுபோய்விட்டார், நான் சின்னப் பையன், ஒற்றை ஆள், என்னால் முடியாது என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டு, வில்லைப் போட்டுத் தேரிலிருந்து குதித்து ஓடுகிறான். பிருகன்னளையாக இருக்கும் அர்ச்சுனன் பின்னல் ஆட, சேலை பறக்கத் துரத்திப் போய்த் தலைமுடியைப் பிடிக்கிறான். பொன் தருகிறேன், மணி தருகிறேன், விட்டுவிடு என்று உத்தரன் அழுகிறான். சொலவடைக்குத் தெரிந்த உத்தரன் இவ்வளவுதான். அப்புறம் நடந்ததைக் கேளுங்கள். சண்டை போட முடியாவிட்டால் கடிவாளத்தைப் பிடி, நான் சண்டை போடுகிறேன் என்கிறான் அர்ச்சுனன். உத்தரன் வன்னி மரத்தில் ஏறி, பிணம் கட்டித் தொங்குகிறது என்று பேர் வாங்கிய மூட்டையைத் தொட்டு ஆயுதங்களை இறக்குகிறான். அந்தப் படைக்கு நடுவே தேரை ஓட்டுகிறான், நடுவில் ஒரு தடவை தலை சுற்றுகிறது, என்னால் முடியவில்லை என்கிறான், ஆனாலும் கடிவாளத்தை விடவில்லை. குருக்ஷேத்திரத்தில் முதல் நாளே யானை மேல் ஏறிச் சல்லியனை நேருக்கு நேர் எதிர்த்து, அவன் தேரின் நான்கு குதிரைகளையும் கொன்று, சல்லியன் எறிந்த வேலில் சாகிறான். வீம்பு பேசிய பையனுக்கும் யானை மேல் செத்த வீரனுக்கும் நடுவே அவன் கற்றுக்கொண்ட இடம் கடிவாளம் பிடித்த அந்த ஒரு பகல்தான்.

ஓடினது ஓடினதுதானே? அதை எப்படி மன்னிப்பது?

சின்ன வயதில் மாடுபிடி சண்டைக் கூத்து பார்க்கப் போனபோது, உத்தரன் ஓடுகிற இடத்தில் கூட்டமே சிரித்து உருண்டது. கட்டியங்காரன் வேறு அவன் பின்னாலேயே ஓடி ஓடிக் கேலி பண்ணினான். என் பக்கத்தில் எங்கள் தெருப் பட்டாளத்துத் தாத்தா உட்கார்ந்திருந்தார், 1971 போரில் ராணுவ லாரி ஓட்டினவர். அவர் மட்டும் சிரிக்கவில்லை. ஏன் தாத்தா என்று கேட்டேன். "மொத தடவ எல்லாருக்கும் கால் ஓடப் பார்க்கும்பா. எனக்குப் பக்கத்துல ஆள் இருந்தான், அதனால ஓடல" என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கூத்தைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

நான் இத்தனை வருஷம் படித்ததில் அதைவிடச் சரியான பதில் கிடைக்கவில்லை. உத்தரனுக்குப் பக்கத்தில் ஆள் இருந்தது, முடியைப் பிடித்து இழுத்து வந்தது. பக்கத்தில் ஆள் இல்லாமல் ஓடிப்போனவர்களின் கதையை யாரும் பாட்டாகப் பாடி வைக்கவில்லை.

மேற்கத்தியக் கதைகளில் இந்த மாதிரி ஆள் உண்டா?

நிறைய உண்டு. ஷேக்ஸ்பியரின் ஒத்தெல்லோவில் வரும் காசியோவைப் பாருங்கள். அவனைத் துணைத்தளபதி ஆக்கிவிட்டார்கள், தனக்குக் கிடைக்கவில்லை என்று இயாகோவுக்கு வயிற்றெரிச்சல். இவன் கணக்குப் பிள்ளை, களத்தில் ஒரு அணியைக்கூட நிறுத்திப் பார்க்காதவன், போர் என்றால் ஏட்டில் படித்ததுதான் என்று நாடகம் தொடங்கிய உடனேயே பொரிந்து தள்ளுகிறான். ஏட்டுச் சுரைக்காய் என்று நாம் சொல்வோமே, அதேதான். பலரும் இதைப் படித்துவிட்டுக் காசியோ தகுதியில்லாதவன் என்று எடுத்துக்கொள்கிறார்கள். ஆனால் சொல்வது யார் என்று பாருங்கள், நாடகம் முழுக்க வாயைத் திறந்தால் பொய் சொல்கிறவன். அப்புறம் சைப்ரஸுக்கு வந்த துருக்கிக் கப்பல்களைப் புயலே சிதறடித்துவிடுகிறது, போரே நடக்காமல் போகிறது. ஆகக் காசியோவுக்குப் போர் நடத்தத் தெரியுமா தெரியாதா என்பது கடைசிவரை யாருக்கும் தெரியாது. அவன் கெட்டது குடியாலும் சூழ்ச்சியாலும், முடிவில் தீவின் பொறுப்பு அவன் கைக்கே வருகிறது.

எழுதுகிறவர்கள் இதிலிருந்து ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். இவன் போர் பார்க்காதவன் என்ற பேச்சைக் கதையில் யார் வாயில் வைக்கிறீர்கள் என்பதைக் கவனியுங்கள். அதைச் சொல்கிறவனுக்கு என்ன லாபம் என்பது அங்கேயே ஒளிந்திருக்கும்.

பயிற்சி மட்டும் பெற்றவன் முதல் சண்டையில் எப்படி உடைவான்?

1986இல் வந்த ஏலியன்ஸ் படத்தில் லெப்டினன்ட் கோர்மன் என்று ஒருவன் வருகிறான். எத்தனை தடவை களத்தில் இறங்கியிருக்கிறீர்கள் என்று கேட்டால் 38 என்பான், அத்தனையும் பாவனைப் பயிற்சி. நிஜச் சண்டைக்கு இறங்கினது இதையும் சேர்த்து 2 என்பான். அதைக் கேட்கும் சிப்பாய்கள் முகத்தைப் பார்க்க வேண்டும். சண்டை தொடங்கியதும் வண்டிக்குள் திரைகளுக்கு முன்னால் உட்கார்ந்தபடியே உறைந்துபோகிறான், கட்டளை வாயில் வரவில்லை, ராணுவமே அல்லாத ரிப்ளி வண்டியின் ஸ்டியரிங்கைப் பிடித்து ஆட்களைக் காப்பாற்றப் போகிறாள்.

அவன் திடலில் இறங்கி ஓடவில்லை. உட்கார்ந்த இடத்திலேயே ஓடிவிட்டான். இந்த வகை உடைதலைத்தான் இளம் எழுத்தாளர்கள் தவறவிடுகிறார்கள், பயம் என்றாலே கத்துவதும் அழுவதும் என்று எழுதிவிடுகிறார்கள். பல பேருக்குப் பயம் மௌனமாக வரும், சொன்ன வாக்கியத்தையே திரும்பச் சொல்வதாக வரும், தேவையில்லாத ஒரு சின்ன வேலையில் மும்முரமாகிவிடுவதாக வரும். அதே கோர்மன் படத்தின் பின்பாதியில், காயம்பட்டு நகர முடியாத சிப்பாய் வாஸ்கெஸ்ஸுக்காகத் திரும்பிப் போய் அவளோடு சேர்ந்தே சாகிறான். உத்தரன் செய்ததும் இதுதான், திரும்பி வந்தான்.

போர் என்றே தெரியாமல் போர் நடத்திய தளபதி உண்டா?

உண்டு, 1985இல் வந்த எண்டர்ஸ் கேம் நாவலில். கதை முடிவைச் சொல்லப்போகிறேன், படிக்க நினைப்பவர்கள் அடுத்த கேள்விக்குப் போய்விடுங்கள். எண்டர் ஒரு சிறுவன். பயிற்சிப் பள்ளியில் விளையாட்டு விளையாட்டாக ஜெயித்து மேலே வருகிறான், கடைசிப் பரீட்சை என்று நினைத்து எதிரியின் கிரகத்தையே அழிக்கிறான். அப்புறம்தான் தெரிகிறது, பல நாளாக அவன் விளையாடியதெல்லாம் விளையாட்டே இல்லை, நிஜக் கப்பல்கள், நிஜ ஆட்கள், நிஜச் சாவு. பெரியவர்கள் வேண்டுமென்றேதான் மறைத்தார்கள், நிஜம் என்று தெரிந்தால் அவன் கை தயங்கும் என்று.

போர் பார்க்காதவன் என்ற குறையையே ஆயுதமாக்கிக்கொண்ட கதை இது. பலகையில் காய் நகர்த்தி அதிகாரிகளைப் பழக்குவது புது யோசனை ஒன்றும் இல்லை, பிரஷ்ய ராணுவம் 1824லேயே வரைபடத்தின் மேல் கட்டைகளை வைத்து விளையாடும் போர் விளையாட்டைக் கையில் எடுத்துவிட்டது. காய்க்கும் ஆளுக்கும் உள்ள தூரத்தை மறைத்துவிட்டால் ஒரு பிள்ளை என்ன செய்வான் என்பதைத்தான் அந்த நாவல் கேட்கிறது. எனக்கு அதில் மிகப் பிடித்தது வெற்றிக்குப் பிறகு வரும் பகுதி, அவன் கொண்டாடவே இல்லை.

அனுபவமில்லாதவன் ஜெயிப்பதாக எழுதினால் நம்புவார்களா?

சரியாக எழுதினால் நம்புவார்கள், நம் பழைய பாட்டிலேயே இருக்கிறதே. தலையாலங்கானத்துப் பாண்டியன் நெடுஞ்செழியன் பட்டத்துக்கு வந்தபோது சின்னப் பையன். இவன் இளையன் என்று மற்ற அரசர்கள் ஏளனம் பண்ணியதை அவனே புறநானூறு 72இல் பொறுக்க முடியாமல் சொல்லிச் சபதம் போடுகிறான். 77ஆம் பாட்டில் இடைக்குன்றூர் கிழார் அவனைக் களத்தில் பார்த்துச் சொல்வது இன்னும் அழகு: காலில் கிண்கிணி இருந்த இடத்தில் இப்போதுதான் கழல் ஏறியிருக்கிறது, கழுத்தில் குழந்தைக்குக் கட்டிய தாலியை இன்னும் கழற்றவில்லை, பாலை விட்டு இன்றைக்குத்தான் சோறு சாப்பிட்டிருக்கிறான். சேரன், சோழன், ஐந்து வேளிர் என்று ஏழு பேரை அவன் ஜெயித்தான். இது கற்பனை இல்லை, ஆனால் கற்பனை எழுதுகிறவர் கற்க வேண்டியது. வயதையும் அனுபவமின்மையையும் புலவர் ஒளிக்கவில்லை, அதைத்தான் முன்னால் நிறுத்திக் காட்டுகிறார்.

இன்னொரு நிஜ ஆள் அமெரிக்கத் தளபதி ஐசன்ஹோவர். முதல் உலகப் போர் முழுக்க அவர் அமெரிக்காவுக்குள்ளேயே இருந்து டாங்கிப் படைக்குப் பயிற்சி கொடுத்தார், களத்தைப் பார்க்கவே இல்லை. 1942 நவம்பரில் வட ஆப்பிரிக்காவில் தரையிறங்கிய நேச நாட்டுப் படைகளுக்கும், 1944 ஜூன் 6 பிரான்ஸின் நார்மண்டிக் கரையில் இறங்கிய படைகளுக்கும் அவர்தான் தலைமை. நார்மண்டி தோற்றுப்போனால் வெளியிட வேண்டும் என்று ஒரு குறிப்பை முன்னாலேயே கையால் எழுதி வைத்திருந்தார், படைகள் செய்ய முடிந்ததை எல்லாம் செய்தன, குற்றம் ஏதாவது இருந்தால் அது என்னுடையது மட்டும்தான் என்று. போர் பார்க்காமல் தளபதி ஆன ஒருவர் தன் பதவியை எப்படிப் புரிந்துகொண்டார் என்பது அந்தச் சின்னத் தாளில் இருக்கிறது.

அப்படியானால் அனுபவம் தேவையே இல்லையா?

தேவைதான், ஆள் சாகிற விஷயம். 1962 சீனப் போரில் அக்டோபர் மாதம் நான்காவது கோர் என்ற பெரிய படைப்பிரிவின் தளபதியாகப் போடப்பட்ட லெப்டினன்ட் ஜெனரல் பி. எம். கௌல் மேல் இன்றுவரை சொல்லப்படும் குறை, களத்தில் சண்டைப் படையை நடத்திப் பழக்கம் இல்லாதவர் என்பது. அவருக்குக் கீழே வடகிழக்கு எல்லையில் நாம்கா சூ ஆற்றங்கரையில் ஏழாவது பிரிகேடை வைத்திருந்த ஜான் தால்வி இரண்டாம் உலகப் போரில் பர்மாவில் சண்டை பார்த்தவர். அந்தப் பள்ளத்தில் நிற்க முடியாது என்று கீழே இருந்து சொன்னது மேலே போய்ச் சேரவே இல்லை, போய்ச் சேர்ந்தாலும் எடுபடவில்லை. அக்டோபர் 20 விடிகாலையில் சீனப் படை தாக்கியபோது கௌல் உடம்பு சரியில்லாமல் டெல்லியில் படுத்திருந்தார். பிரிகேட் சிதறிப்போனது, தால்வி சிறைப்பட்டார்.

நிலைமக்கள், அதாவது நிலைத்து நிற்கும் வீரர்கள், எத்தனை பேர் இருந்தாலும் தலைமக்கள் இல்லாவிட்டால் அது படையே இல்லை என்று 770ஆம் குறள் சொல்கிறது. நாம்கா சூவில் கோடைச் சட்டையோடு பனியில் நின்றவர்களை நினைத்தால் அந்தக் குறள் எனக்குத் தொண்டையை அடைக்கிறது.

அவனுக்குப் பக்கத்தில் அனுபவசாலி ஒருவரை வைக்கலாமா?

கட்டாயம் வையுங்கள். நம் ராணுவத்தில் அதற்கென்றே ஒரு உறவு இருக்கிறது. இருபத்து மூன்று வயது லெப்டினன்ட் புதிதாக வந்து இறங்குவான், அவன் பிளாட்டூனில் அவன் அப்பா வயதில் ஒரு சுபேதார் இருப்பார். இவன் அவரை 'சாப்' என்பான், அவரும் இவனை 'சாப்' என்பார். உத்தரவு போடுவது பையன், போட வேண்டிய உத்தரவு எது என்று தெரிந்தவர் பெரியவர். அவர் நேராகத் திருத்த மாட்டார், "சாப், அந்தப் பக்கம் ஒரு தடவ பார்த்துட்டு வரட்டுமா?" என்று கேட்பார். அந்தக் கேள்விக்குள் இருக்கிற எச்சரிக்கை பையன் காதில் விழுகிறதா இல்லையா, அதில்தான் உங்கள் கதை நடக்கும்.

களத்தை எழுதும்போது எதைக் கவனிக்கணும்? நாங்களும் போர் பார்த்ததில்லையே.

சத்தத்திலிருந்து தொடங்குங்கள். நான் விசைத்தறி ஓடுகிற தெருவில் வளர்ந்தவன். தறி ஓடும்போது பக்கத்தில் நிற்கிறவர் பேசுவது காதில் விழாது, உதட்டையும் கையையும் பார்த்தே பேசிக்கொள்வோம். புதிதாக வேலைக்கு வந்தவர் முதல் வாரம் முழுக்கத் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருப்பார். போர் பார்க்காத தளபதியும் அப்படித்தான் கத்துவான், பழகினவன் கையைக் காட்டுவான். இதை வைத்தே ஒரு பத்தியில் இருவரையும் பிரித்துக் காட்டிவிடலாம், அனுபவம் இல்லாதவன் என்று எழுத்தில் சொல்லவே வேண்டாம்.

அப்புறம் நேரம். வரைபடத்தில் இரண்டு விரல் தூரம், மழையில் சேற்றில் மூட்டையோடு நடந்தால் அரை நாள். அனுப்பின செய்தி தாமதமாகும், பாதி போய்ச் சேராது, போய்ச் சேர்ந்தது தப்பாகப் புரியும். போரில் எல்லாமே எளிமையானதுதான், ஆனால் அந்த எளிமையானதே கஷ்டம் என்று பிரஷ்ய ராணுவச் சிந்தனையாளர் கிளாஸ்விட்ஸ் எழுதினார், அதற்கு உராய்வு என்று பெயரும் வைத்தார். போர் பார்த்தவனுக்கு இந்த உராய்வு உடம்பில் தெரியும். பார்க்காதவன் அது நடக்கும்போதெல்லாம் யாரோ தனக்குக் கீழ்ப்படியவில்லை என்று கோபப்படுவான்.

இவனைச் சிரிப்புப் பாத்திரமாக எழுதக் கூடாதா?

எழுதலாம். 23ஆம் புலிகேசியைப் பார்த்துச் சிரிக்காத தமிழர் யார்? ஆனால் சிரிப்பு அவன் பொய்யின் மேல் விழட்டும், பயத்தின் மேல் வேண்டாம். பயப்படாதவன் யாரும் கிடையாது.

கூத்தில் உத்தரன் வேஷம் கட்டுகிறேன். எதை முக்கியமாகச் செய்யணும்?

ஓட்டத்தை நன்றாகவே ஓடுங்கள், ஜனம் அதற்காகத்தான் விழித்திருக்கிறது. ஆனால் திரும்பி வருகிற இடத்தை வெட்டாதீர்கள். விடியப்போகிறது, டீ குடிக்கக் கூட்டம் கலைகிறது என்று பல இடங்களில் அதை இரண்டு வரியில் முடித்துவிடுகிறார்கள்.

அந்த இடம் இதுதான். தன் பிள்ளை கௌரவர்களை ஜெயித்துவிட்டான் என்று விராடனுக்குத் தலைகால் புரியவில்லை. பிருகன்னளை கூட இருந்தால் ஜெயிக்காமல் எப்படி என்று, கங்கன் என்ற பேரில் மறைந்திருக்கும் தர்மர் சொல்ல, கோபத்தில் சூதாட்டக் காயை அவர் முகத்தில் எறிகிறான், தர்மர் மூக்கில் ரத்தம் வருகிறது. ஊரே தோரணம் கட்டி நிற்கிறது. உத்தரன் உள்ளே வருகிறான். முதலில் அந்த ரத்தத்தைப் பார்க்கிறான், யார் அடித்தது என்று கேட்கிறான், அவரிடம் மன்னிப்புக் கேளுங்கள் என்று அப்பாவிடம் சொல்கிறான். அப்புறம் மாட்டை மீட்டது நான் இல்லை என்கிறான். நான் பயந்து ஓடினேன், ஒரு தெய்வப் பிள்ளை என்னைத் தடுத்து நிறுத்தினான், அவன்தான் தேரில் நின்று சண்டை போட்டான் என்கிறான். பொய் சொல்லியிருந்தால் அந்த நாளில் யாராலும் மறுத்திருக்க முடியாது, அர்ச்சுனனே அவன் பேரில்தான் வெற்றிச் செய்தி அனுப்பச் சொல்லியிருந்தான்.

காலையில் வீம்பு பேசிய அதே வாய் அது. அதே குரலில் பேசாதீர்கள். ஆர்மோனியத்தைக் கொஞ்சம் நிறுத்தச் சொல்லுங்கள், மிருதங்கமும் வேண்டாம். "நான் ஓடினேன் அப்பா" என்ற வரியைப் பாட்டாக இழுக்காமல் வசனமாகவே சொல்லுங்கள், சொல்லிவிட்டு அந்த இடத்திலேயே நில்லுங்கள், விராடன் வேஷக்காரர் தலை நிமிர்ந்து பார்க்கிற வரைக்கும்.